நிறை குறைந்தது, தோல் மிஞ்சியது

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், ஒரு தங்கச்சி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குக் கான்சரோ? ஊருக்குள்ள அப்பிடித்தான் கதைக்கினம்" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கான்சர் இல்லை, நிறையைக் குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்தேன் என்று சொன்னேன். அவளும் பருமனான உடம்புக்காரி. முழங்கால் நோவால் நிலத்தில் இருந்து எழும்ப முடியாதவள். "அப்ப நானும் செய்யலாமோ? செய்தால் எல்லாம் சரியாயிடுமோ?" என்று ஆவலாகக் கேட்டாள்.

எல்லாம் சரியாகுமா என்ற கேள்விக்கு அந்த இடத்தில் நின்றபடி பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தச் சஞ்சிகை எங்கள் சங்கத்துக்கு மாதாமாதம் வருகிறது. அவளும் வாசிப்பாள். அதனால் எழுதியே சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் என்னை நிறுத்துப் பார்த்தபோது 41 கிலோ இருந்தேன். 2018ஆம் ஆண்டு கொழும்பில் நிறுத்தபோது 118 கிலோ. இடையில் நடந்ததை "திண்டு கொழுத்தவள்" என்ற இரண்டு சொல்லில் பலர் முடித்துவிட்டார்கள்.

நான் நிறையச் சாப்பிட்டேன் என்பது உண்மைதான். வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை என் ஐந்து வயது மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பானையை வழித்தவள் நான். மீள்குடியேறிய பிறகு என் கட்டிலின் கீழ் எப்போதும் ஒரு வாளி அரிசி மூடிவைத்திருப்பேன். அது நிறைந்திருந்தால்தான் நித்திரை வரும். நித்திரை குழம்பினால் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன். பசி வருவதற்கு முன்னரே சாப்பிட்டேன். பசி என்ற ஒன்று இனி என்னிடம் வரவே கூடாது என்று நினைத்தேன். பகல் முழுவதும் தையல் மெஷினில் இருப்பு. காலையில் கோதுமை மா ரொட்டி, இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணி. 2014இல் நீரிழிவு பிடித்தது. பிறகு பிறசர் வந்தது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மகள் பயந்து என்னைத் தட்டி எழுப்பத் தொடங்கினாள்.

இதைவிட வெட்கம்தான் பெரிய பாரமாக இருந்தது. பட்டினி கிடந்த சனத்துக்குள் ஒருத்தி கொழுத்துப் போனால் அவள் ஏதோ துரோகம் செய்தவள் போலப் பார்க்கிறார்கள். ஒருமுறை கோயில் அன்னதானத்தில் எனக்குப் பின்னால் நின்றவர், "இவவுக்கு ரெண்டு ஆளின்ர பங்கு வேணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இலையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

நீரிழிவு கிளினிக்கில் புதிதாக வந்த ஒரு பெண் வைத்தியர்தான் என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். அவர் "வாயைக் கட்டுங்கோ" என்று சொல்லவில்லை. "இது ஒரு நோய் அம்மா, நோய்க்கு மருத்துவம் இருக்கு" என்றார். என் உயரம் 156 சென்ரிமீற்றர். உடற்திணிவுச் சுட்டி 48. அந்தக் காலத்தில் இந்தச் சுட்டி 40க்கு மேல் இருந்தால், அல்லது நீரிழிவு போன்ற நோயோடு 35க்கு மேல் இருந்தால் சத்திரசிகிச்சை பற்றி யோசிப்பார்கள். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டல், ஆசிய நாட்டவருக்கு 27.5இலிருந்தே இதைப் பற்றிக் கதைக்கலாம் என்கிறது. அதற்காக எல்லோருக்கும் உடனே இடம் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது.

கொழும்பில் உடனே வெட்டிவிடவில்லை. இரத்தம், இருதயம், ஈரல் எல்லாம் பார்த்தார்கள். குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். போசணை பற்றிச் சொல்லித் தந்தார்கள். மனநல வைத்தியர் ஒருவர், தமிழ் தெரிந்த தாதியை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எந்த நேரத்தில் சாப்பிடத் தோன்றும்?" என்று கேட்டார். கட்டிலுக்குக் கீழிருந்த அரிசி வாளியைப் பற்றி முதன்முதல் ஒருவருக்குச் சொன்னது அன்றுதான். மொழிபெயர்த்த தாதி இடையில் நிறுத்தித் தன் கண்ணைத் துடைத்தார்.

2018 ஒக்ரோபரில் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் இட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய ஒரு குழாய். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. ஆனால் வெட்டித் தைக்கும் கருவிக்குரிய சில பொருட்களை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. சுவிஸில் இருக்கும் தம்பி பணம் அனுப்பினான்.

வாட்டில் மூன்றாம் நாள் எனக்கு ஒரு விசித்திரம் நடந்தது. பசிக்கவில்லை. பசியைத் தூண்டுகின்ற கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் உண்டாகிறதாம். அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டதால் பசி அடங்கிவிடும் என்று வைத்தியர் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ ஆண்டுகள் நான் பயந்து கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போய்விட்டது. ஆனால் பயம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்தவுடன் முதல் வேலையாக அரிசி வாளியைத் திறந்து பார்த்தேன்.

முதல் இரண்டு கிழமை நீராகாரம் மட்டும். பிறகு மசித்த உணவு. கெட்டியான சாப்பாட்டுக்கு ஒன்றரை மாதம் ஆனது. பிட்டும் பாணும் நெஞ்சுக்குள் இறுகி நின்றன. அவசரமாக விழுங்கினால் சத்தி வந்தது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் விட்டுத்தான் குடிக்க வேண்டும். கொஞ்சமே சாப்பிட முடிவதால் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று புரதத்தை முதலில் சாப்பிடச் சொன்னார்கள். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். விற்றமின், இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் பி12 ஊசியும் உயிர் உள்ளவரை தொடர வேண்டும். நான்காம் மாதம் தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்தது.

ஒன்றரை ஆண்டில் 71 கிலோவுக்கு வந்தேன். பிறசர் குளிசை பாதியானது. நீரிழிவுக் குளிசையை நிறுத்தினார்கள், ஆனால் சீனி திரும்பவும் கூடலாம் என்பதால் சோதனையை நிறுத்தவில்லை. மூச்சு முட்டாமல் நித்திரை கொண்டேன். மகளின் சைக்கிளை எடுத்து ஓடினேன். இதுவரை ஊருக்குத் தெரியும். இதற்குப் பிறகு உள்ளதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

நான் தையல்காரி. துணி தொளதொளத்தால் பிடித்துத் தைத்துவிடுவேன். தோலை அப்படிச் செய்ய முடியவில்லை. 118 கிலோ உடம்பை மூடியிருந்த தோல் 71 கிலோ உடம்பின் மேல் தொங்கியது. அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடையின் பாதி வரை வந்தது. கைகளை நீட்டினால் கீழே சீலை தொங்குவது போல் ஆடும். மார்பு வெறும் பைகளாகிவிட்டது. சட்டை போட்டால் மெலிந்தவள். கழற்றினால் எனக்கே என்னைத் தெரியவில்லை.

பார்வைக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல அது. வன்னி வெயிலில் அந்த மடிப்புக்குள் வேர்வை தேங்கி அவிந்து, சிவந்து, புண்ணாகும். பூஞ்சணம் பிடித்து மணக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பினால் என்னால்தானோ என்று கூசிப்போவேன். நடக்கும்போது பாரம் முன்னால் இழுத்து நாரி நோகும். கிணற்றடியில் மற்றப் பெண்களோடு குறுக்குக்கட்டோடு குளிப்பதை விட்டேன். இருட்டில்தான் உடுப்பு மாற்றினேன். பருமனாக இருந்தபோதுகூட நான் இப்படி ஒளிக்கவில்லை.

தேங்காயெண்ணெய் பூசு, மஞ்சள் பூசு, கயிறடி என்று பலர் சொன்னார்கள். எல்லாம் செய்தேன். பிறகுதான் வைத்தியர் விளக்கினார். நீண்ட காலம் அதிகமாக இழுபட்ட தோலில், அதைச் சுருங்கச் செய்கின்ற நார்கள் அறுந்துபோகின்றன. எவ்வளவு நிறை குறைந்தது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தோம், என்ன வயது என்பவற்றைப் பொறுத்தது அது. தேகப்பயிற்சி தசையைப் பலமாக்கும், ஆனால் அறுந்த தோலைச் சுருக்காது. எந்தப் பூச்சும் சுருக்காது. அப்படியென்றால் இது என் சோம்பலால் வந்ததில்லை. அதை அறிந்தது பெரிய ஆறுதல்.

மிஞ்சிய தோலை வெட்டி எடுக்கலாம் என்று அறிந்து என் பெரியம்மாவிடம் சொன்னேன். "புருசன் இல்லாத பொம்பிளைக்கு இனி என்ன வயித்து அழகு? ஆர் பாக்கப்போகினம்?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. முகாமில் எங்களுக்குத் தன் பங்கைத் தந்தவர். ஆனாலும் அந்தச் சொல் என்னை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. புண் எனக்கு, நாற்றம் எனக்கு, நாரி நோவு எனக்கு. அதற்கு மருந்து கேட்கவும் ஒரு புருசன் உயிரோடு இருக்க வேண்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவில் பொறுக்கச் சொன்னார்கள். முதல் சத்திரசிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டாவது போக வேண்டும். நிறை ஏறாமல் இறங்காமல் சில மாதங்களாவது ஒரே அளவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் திரும்பவும் தொங்கும். அந்தக் காலம் வந்தபோது 2020இல் கொரோனா வந்தது. பிறகு 2022 ஏப்ரலுக்கு நாள் கிடைத்தது. அப்போது நாட்டில் டொலர் இல்லை, மருந்து இல்லை. அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். என்னுடையதும் தள்ளிப்போனது.

அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. அரிசி விலையும் எரிபொருள் வரிசையும் பார்த்து எனக்குப் பழைய நடுக்கம் வந்துவிட்டது. ஒரு வாளி மூன்று வாளியாகியது. இரவில் எழும்பத் தொடங்கினேன். சிறிய இரைப்பைக்குள் சோறு அதிகம் இறங்காது. ஆனால் பிஸ்கற்றும் சீனித் தேத்தண்ணியும் இறங்கும். சில மாதங்களில் 77 கிலோ. வெட்டிய இரைப்பையும் மெல்ல இடம் கொடுக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வெட்கத்தை விட்டு, எங்கள் பிரதேசத்து உளவளத்துணையாளரிடம் போனேன். அவர் வாளியை எறியச் சொல்லவில்லை. "ஒரு வாளி இருக்கட்டும். இரவில் எழும்பினால் முதலில் அதைத் திறந்து பாருங்கோ. அரிசி இருக்கு எண்டு கண்டுபோட்டு, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுப் படுங்கோ" என்றார். சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருந்தது. ஆனால் பல நாட்கள் அது வேலை செய்தது. 2023 நடுப்பகுதியில் 73 கிலோவில் நின்றேன்.

2023 ஓகஸ்டில் கூப்பிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வைத்தியர் என்னை நிற்கவைத்துப் பேனையால் வயிற்றில் கோடு கீறினார். நான் துணியில் சோக் கட்டியால் கோடு கீறுவது போலத்தான். கோட்டுக்கு உள்ளே இருப்பது போய்விடும் என்றார். குனிந்து பார்த்தேன். என் செல் காயத் தழும்பு கோட்டுக்கு உள்ளே இருந்தது.

2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் பட்ட காயம் அது. அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு சிறு துண்டு கிழித்துப் போனது. என் கணவர் தன் சாரத்தைக் கிழித்து அதை இறுக்கிக் கட்டினார். அதற்கு மூன்று கிழமையில் அவர் இல்லை. அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. எல்லாம் பதுங்குகுழியோடு போய்விட்டது. அவர் கை பட்ட அடையாளம் என்று என்னிடம் இருந்தது அந்தத் தழும்பு ஒன்றுதான். நான் பருத்தபோது அது அகன்றது. மெலிந்தபோது தோலோடு கீழே இறங்கித் தொடைக்கு வந்தது. ஆனாலும் என்னோடு இருந்தது.

"இதை மட்டும் விடலாமோ டொக்டர்?" என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அது வெட்டும் பகுதியின் நடுவில் இருக்கிறது, விட முடியாது என்றார். விரும்பினால் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று நாளைக் காலையிலும் சொல்லலாம் என்றார்.

அன்றிரவு மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அப்போது 19 வயது. தகப்பனின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. அந்தத் தழும்பின் கதையை அவள் முழுதாகக் கேட்டதும் அன்றுதான். கன நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பா காயம் ஆறட்டும் எண்டுதானே கட்டினவர். நீங்கள் புண்ணோட இருக்கிறதை அவர் விரும்புவாரோ?"

விடிய, கையெழுத்து வைத்தேன்.

ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் சென்றது. மூன்று கிலோவுக்கு மேல் தோலும் கொழுப்பும் எடுத்தார்கள். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை நீண்ட தையல். கெட்ட நீர் வடிய இரண்டு ரியூப்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அடுத்த நாளே நடக்க வைத்தார்கள். நிமிர முடியாது, கூனிக்கொண்டுதான் நடந்தேன். பக்கத்துக் கட்டிலில் குருநாகலைச் சேர்ந்த ஒரு சிங்கள அம்மா. எனக்குச் சிங்களம் ஒருசில சொல் மட்டும். அவருக்குத் தமிழ் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி எழும்ப வேண்டும் என்று அவர்தான் செய்து காட்டினார். ஆறு கிழமை வயிற்றுப் பட்டி கட்டியிருந்தேன். தையலின் நடுவில் ஒரு இடம் திறந்துவிட்டது. அது மூட ஐந்து கிழமை, நாள் விட்டு நாள் எங்கள் ஊர் வைத்தியசாலையில் மருந்து கட்டினேன். இரண்டு மாதம் மெஷின் மிதிக்கவில்லை. அந்த நாட்களில் மகளின் சிறிய சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

இப்போது மடிப்புப் புண் இல்லை. நாரி நோவு பெருமளவு குறைந்தது. கிணற்றடிக்குத் திரும்பவும் போகிறேன். கைத் தோலும் தொடைத் தோலும் இன்னும் தொங்குகின்றன. அவற்றை வெட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவை எனக்கு வருத்தம் தருவதில்லை. முழங்கைவரை கை வைத்துச் சட்டை தைத்துக்கொள்கிறேன். தழும்பு இருந்த இடத்தில் வேறு தழும்பு இருக்கிறது. முதல் சில மாதம் குளிக்கும்போது கை தன்பாட்டில் அந்த இடத்தைத் தேடும். இப்போது தேடுவதில்லை. ஆனால் மகள் தகப்பனைப் பற்றி அடிக்கடி கேட்கிறாள். நானும் சொல்கிறேன். முன்னர் நான் சொன்னதில்லை.

சகோதரிகளே, இதைச் செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நிறை குறைந்தால் தோல் மிஞ்சலாம் என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குளிசையும் இரத்தச் சோதனையும் ஆயுள் முழுவதும் உண்டு. பிள்ளை பெறும் வயதிலிருப்பவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் தொடக்கம் ஒன்றரை வருடம்வரை கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் மடிப்பு உள்ளவர்கள், பருமனாக இருந்தாலும் மெலிந்திருந்தாலும், கழுவியபின் ஒற்றித் துடையுங்கள். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து மடிப்புக்குள் வையுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். புண் வந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். இரவில் எழும்பிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் ஒருவரிடம் சொல்லுங்கள். நாங்கள் பசி பார்த்தவர்கள். எங்கள் உடம்புகள் அதை நினைவு வைத்திருப்பதில் குற்றம் இல்லை.

என்னைக் கேட்ட தங்கச்சிக்கு: எல்லாம் சரியாகாது. முழங்கால் சுகப்படலாம், சீனி குறையலாம். மிச்சத்தை நீ மெல்ல மெல்லத்தான் பார்க்க வேண்டும். என் கட்டிலுக்குக் கீழே இன்றைக்கும் ஒரு வாளி அரிசி இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் உன் கொப்பியையும் எடுத்துக்கொண்டு காலையில் வீட்டடிக்கு வா. நானும் கூட வாறன்.